பட்டியலை எடுத்துவிடுங்கள்: ஆங்கிலப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாடநூல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ் பேசும் மாணவர்களுக்காக நீங்கள் எழுதும் ஆங்கிலப் புத்தகங்களின் கடைசியில் பெரும்பாலும் ஃப்ரேசல் வெர்ப் பட்டியல் ஒன்று இருக்கும், அதாவது வினையோடு ஒரு சின்னச் சொல் சேர்ந்து புதுப் பொருள் தரும் கூட்டுகளின் பட்டியல். 'கிவ் அப்' என்றால் கைவிடு, 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு, 'புட் அவுட்' என்றால் அணை என்று வரிசையாகப் போகும். அதை முழுக்க மனப்பாடம் செய்தவள் நான். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட்டத்துக்குத் தாமதமாக வந்த மேலாளர் என்னிடம் 'ஃபில் மீ இன்' என்றார். 'ஃபில் இன்' என்றால் படிவத்தை நிரப்புவது என்றுதான் படித்திருந்தேன். எந்தப் படிவம் என்று புரியாமல் நின்றேன். தான் வருவதற்குள் என்ன பேசினோம் என்பதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே எண்ணம்தானே? படிவத்தில் ஒரு காலியிடம், அவருக்குத் தெரிந்ததில் ஒரு காலியிடம். இதை யாராவது ஒரு வரியில் சொல்லியிருந்தால் நானே ஊகித்திருப்பேன்.

அதனால்தான் கேட்கிறேன்: ஃப்ரேசல் வெர்பைப் பட்டியலாகக் கொடுக்காதீர்கள். வினைக்குப் பின்னால் வரும் அந்தச் சின்னச் சொல் என்ன வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுங்கள். அதையும் தமிழிலிருந்தே தொடங்குங்கள்.

'எழுதிப் பார்த்தேன்' என்கிறோம். அதில் பார்ப்பது எதுவும் இல்லை, முயன்றேன் என்று பொருள். 'எழுதித் தள்ளினேன்' என்றால் ஏராளமாக எழுதினேன். 'எழுதித் தொலைத்தேன்' என்றால் வேண்டாவெறுப்பாக எழுதி முடித்தேன். பார், தள்ளு, தொலை என்ற சொற்கள் தம் நேர்ப்பொருளை விட்டுவிட்டு, முன்னால் இருக்கும் வினைக்கு ஒரு சாயலைக் கொடுக்கின்றன. இதற்குப் பட்டியல் போட்டு யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டோம். ஆங்கிலத்தில் இந்த வேலையை இரண்டாவது வினைக்குப் பதிலாக அப், அவுட், ஆஃப் போன்ற சொற்கள் செய்கின்றன. 'ட்ரிங்க்' என்றால் குடி, 'ட்ரிங்க் அப்' என்றால் குடித்து முடி. 'யூஸ் அப்' என்றால் பயன்படுத்தித் தீர்த்துவிடு. பாத்திரத்தில் தண்ணீர் மேலே ஏறி விளிம்பைத் தொட்டால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் படத்தை மனதில் வைத்தால், 'அப்' ஏன் முடிவைக் குறிக்கிறது என்பது விளங்கும். எல்லா 'அப்'பும் இதில் அடங்காது, உண்மைதான். ஆனாலும் வெறும் மனப்பாடத்தை விட இது எவ்வளவோ மேல்.

சுமையும் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. கார்ட்னர், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் என்னும் பெரிய உரைத்தொகுப்பை ஆராய்ந்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தத் தொகுப்பில் ஃப்ரேசல் வெர்ப் வரும் இடங்களில் பாதிக்கும் மேல் வருபவை வெறும் 20 வினைகளும் 8 சின்னச் சொற்களும் சேர்ந்து உருவானவை. அந்த எட்டு: அவுட், அப், ஆன், பேக், டவுன், இன், ஆஃப், ஓவர். ஒவ்வொரு கூட்டுக்கும் பல பொருள் உண்டு என்பதையும் அவர்கள் காட்டினார்கள். அதனால்தான் ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப் பொருள் என்ற பட்டியல் கைகொடுப்பதில்லை.

அப்புறம், சொல்வரிசை. அதை அணை என்பதற்கு 'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' தவறு. ஆனால் அதைக் கவனித்துக்கொள் என்பதற்கு 'லுக் ஆஃப்டர் இட்' சரி, 'லுக் இட் ஆஃப்டர்' தவறு. புத்தகங்கள் பிரியும் வகை, பிரியாத வகை என்று பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. காரணத்தைச் சொல்லுங்கள். 'ஆஃப்டர்' இங்கே ப்ரெபொசிஷன், நம் வேற்றுமை உருபு போல அடுத்து வரும் பெயரோடு ஒட்டியது. அதை விட்டு விலகாது. 'டர்ன் ஆஃப்' என்பதில் வரும் 'ஆஃப்' வினையைச் சேர்ந்தது, பெயரை அதற்கு முன்னாலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். ஆனால் 'இட்' போன்ற பிரதிப்பெயர் ஏற்கெனவே பேசிய பொருளைத்தான் சுட்டுகிறது. அழுத்தம் பெறும் கடைசி இடம் அதற்குத் தேவையில்லை, நடுவில் வந்துவிடுகிறது. காதாலும் கண்டுபிடிக்கலாம்: 'டர்ன் இட் ஆஃப்' என்னும்போது 'ஆஃப்' அழுத்தமாக ஒலிக்கும், ப்ரெபொசிஷன் வரும் 'லுக் அட் இட்' (அதைப் பார்) என்னும்போது அழுத்தம் 'லுக்' மேல் விழும். இந்த அழுத்தத்தை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குப் பேசிக் காட்டியதில்லை.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வேற்று மொழியினருக்கு மிகவும் கடினமான பகுதி வினையோடு சின்னச் சொல் சேரும் இந்தக் கூட்டுதான் என்று எழுதிவிட்டார். எனவே தடுமாறும் மாணவரை மந்தம் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்த பதிப்பில் அந்தக் கடைசிப் பக்கங்களை எடுத்துவிட்டு, எட்டுச் சொற்களுக்கும் ஆளுக்கொரு பாடம் கொடுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் நாம் பேசும் தமிழ் வாக்கியம் ஒன்று முதலில் வரட்டும். கூடவே, ஆசிரியர் வகுப்பில் உரக்கப் படிக்க நாலு வரி உரையாடலும் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் புத்தகங்களில் ஆங்கிலம் படித்த ஒருத்தி