இரண்டு வரித் தீர்ப்புகள்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய படங்களின் பட்டியல் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரியில் அம்மாவின் தீர்ப்பு வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நீயும் இப்போது குறுவிமர்சனம் எழுதத் தொடங்கியிருப்பதால், நான் எப்படிச் சுருக்குகிறேன் என்று பார்ப்பதற்காகவே கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நெடுங்காலம் இதே வேலையைச் செய்து வந்தவள் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், திரையில் கண்ட அல்லது கேட்ட ஒரு காரணமாவது அதற்குள் இருக்க வேண்டும். காரணம் சொல்லாத 'அருமை'யும் 'மொக்கை'யும் பார்த்தவரின் மனநிலையைத் தெரிவிக்குமே தவிர, படத்தைப் பற்றி எதையும் தெரிவிக்காது.

'12 ஆங்ரி மென்' (1957) படத்துக்கு நீ எழுதியிருந்த வரி: 'ஒரே அறையில் நடந்தாலும் சலிப்பே இல்லை.' சலிப்பு ஏன் இல்லை என்பதுதானே விமர்சகர் சொல்ல வேண்டியது? இயக்குநர் சிட்னி லூமெட் தொடக்கத்தில் காமிராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்தார். நடுவில் கண்மட்டத்துக்கு இறக்கினார். இறுதிப் பகுதியில் அதற்கும் கீழே கொண்டுசென்றார். லென்சுகளையும் சிறிது சிறிதாக மாற்றி, சுவர்கள் அந்த மனிதர்களை நெருக்கிக்கொண்டு வருவதைப் போலத் தோன்றச் செய்தார். பார்வையாளர் இதைக் கவனிக்க மாட்டார், ஆனால் அவருக்கு மூச்சு முட்டும். ஆகவே என் தீர்ப்பு: 'வாதத்தால் மட்டுமல்லாமல் காமிராவாலும் அறையைச் சுருக்கிக்கொண்டே போகும் படம், கதவு திறக்கும்போது நமக்கும் காற்று வருகிறது.'

'சைக்கோ' (1960) குறித்து எழுதும்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். யாரைக் கதாநாயகி என்று நம்பி உட்கார்ந்திருக்கிறோமோ அவரைப் படம் பாதிகூட முடியாத நிலையில் இழந்துவிடுகிறோம் என்பதை உனக்கு எழுதலாம், பார்க்காத வாசகருக்கு எழுதக் கூடாது. அந்தக் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார்; இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைப் பொருட்படுத்தாமல் வெறும் தந்திக் கருவிகளை வைத்து இசையமைத்துக் கொடுத்தார். இந்தச் செய்தி கதையைக் காட்டிக்கொடுக்காது, படத்தின் பலத்தையோ சரியாகச் சுட்டிவிடும். 'வயலின்களின் கீச்சொலி கத்தியைவிடக் கூர்மையானது' என்று முடித்துக்கொள்.

'பிளேட் ரன்ன'ருக்கு எந்த வடிவத்தைப் பார்த்தாய் என்று நீ குறிப்பிடவே இல்லை. 1982இல் திரைக்கு வந்த வடிவத்தில் நாயகனின் பின்னணிக் குரல் கதையை விளக்கிக்கொண்டே வரும், முடிவும் இனிமையாக இருக்கும். 1992இல் வந்த வடிவத்தில் இரண்டும் நீக்கப்பட்டன. முதலாவதைப் பார்த்தவர் சொல்லும் தீர்ப்பு இரண்டாவதற்குப் பொருந்தாது. 'விளக்கம் சொல்வதை நிறுத்திய பிறகே இந்தப் படம் பேசத் தொடங்கியது' என்பது என் முடிவு. 'ஷோலே'யும் (1975) இத்தகையதுதான். கொள்ளையன் கப்பரால் கைகளை இழந்த தாக்கூர், அந்த நிலையிலும் அவனைக் கொன்று முடிப்பதாகவே முதலில் படமாக்கினார்கள். தணிக்கையின் வற்புறுத்தலால் போலீஸ் வந்து தடுக்கும்படி மாற்றினார்கள். மூன்று மணி நேரம் வளர்த்த பகையை ஒரு ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள் என்று நான் குறைபட்டுக்கொள்வேன். மற்றபடி வில்லனுக்காகவே பார்க்க வேண்டிய படம்.

தமிழ்ப் படங்களுக்கு வருகிறேன். 'அந்த நாள்' (1954) ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோ'னின் தழுவல் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டாய். இந்தச் சுருக்கத்தை நான் ஏற்கவில்லை. குரோசாவாவின் படத்தில் ஒவ்வொருவர் சொல்வதும் மற்றவர் சொன்னதை மறுக்கும், உண்மை எது என்பது கடைசிவரை உறுதிப்படாது. வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய படத்திலோ ஒவ்வொருவரின் கூற்றும் ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறது, முடிவில் வழக்கு தீர்ந்துவிடுகிறது. முன்னது உண்மையை ஐயுறுகிறது, பின்னது மனிதர்களை ஐயுறுகிறது. பாட்டுக்கு மேல் பாட்டாக வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு பாட்டும் இல்லாமல், சிவாஜி கணேசனை நாட்டுக்குத் துரோகம் செய்பவராகக் காட்டிய துணிச்சலும் கணக்கில் வர வேண்டும். இறுதியில் வரும் வசனங்கள் சற்று நீளம்தான், அதையும் எழுதலாம்.

'உதிரிப்பூக்கள்' (1979) பற்றி இரண்டு வரியில் எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் நீ விடமாட்டாய். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் எடுத்துக்கொண்டது கொஞ்சம்தான். கொடுமைக்காரனை ஊரார் ஆற்றில் இறங்கச் சொல்லும்போது, அவர்களையும் தன்னைப் போலவே ஆக்கிவிட்டதுதான் தான் செய்த பெரிய தவறு என்று அவன் சொல்கிறான். அதுவரை அவனை வெறுத்துக்கொண்டிருந்த நாமும் அந்தக் கணத்தில் ஊராரோடு கரையில் நிற்கிறோம். 'தண்டனையைப் பார்த்துத் திருப்தி அடைய விடாத படம்' என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டு, 'நம்மையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் படம்' என்று எழுதினேன். இரண்டாவது கொஞ்சம் சத்தமாக இருக்கிறது. முதலாவதையே வைத்துக்கொள்.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988): நடுத்தர வர்க்கப் பெண் ஒருத்தி வீடு கட்டப் படும் பாட்டைத் தவிர இதில் கதை என்று ஏதுமில்லை, ஆனாலும் ஒரு துப்பறியும் படத்தின் பதற்றம் இருக்கிறது. அரைகுறையாக நிற்கும் வீட்டை, தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் தனியாக வந்து தடவிப் பார்க்கும் காட்சிக்காகவே நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். 'அன்பே சிவம்' (2003) திரையரங்கில் தோற்றது, பிறகு கொண்டாடப்பட்டது. தோற்றதற்காக இரங்கி இப்போது கூடுதலாகப் புகழ்வது விமர்சனமாகாது. இருவரின் பயணம் சிறப்பு. சிவன் பெயரைச் சொல்லிக்கொண்டே தீங்கு செய்யும் முதலாளி மட்டும் அட்டையில் வெட்டிய உருவம்.

நட்சத்திரம் போடுவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். ராட்டன் டொமாட்டோஸ் தளத்தின் சதவீதம் படத்துக்கான மதிப்பெண் அன்று. எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்ற விகிதம் மட்டுமே. எல்லோரும் 'பரவாயில்லை' என்று சொன்ன படம் 100 பெறும். பாதிப் பேர் உயிராக நேசித்து மீதிப் பேர் வெறுத்த படம் 50இல் நிற்கும். எனக்கு இரண்டாவது வகைப் படங்கள்மீதுதான் ஆர்வம். 1975இல் புலிட்சர் பரிசு பெற்ற அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், படம் எதைப் பற்றியது என்பதைவிட அதை எப்படிச் சொல்கிறது என்பதே முக்கியம் என்பார். நட்சத்திரங்களை அவரும்தான் போட்டார், ஆனால் அவற்றுக்குக் கீழே எழுதியதைத்தான் இன்றும் படிக்கிறோம். சுருக்கத்தின் உச்சம் இன்னொரு அமெரிக்க விமர்சகரான லெனார்ட் மால்டினுடையது. 'இஸின்ட் இட் ரொமாண்டிக்?' ('இது காதல்மயம் இல்லையா?') என்று கேள்வியையே தலைப்பாகக் கொண்ட 1948ஆம் ஆண்டுப் படத்துக்கு அவர் எழுதிய மொத்த விமர்சனம் 'இல்லை' என்ற ஒரே சொல். அது ஒரு முறைதான் செல்லுபடியாகும், நீ முயலாதே.

'டோக்கியோ ஸ்டோரி' (1953) உனக்கு மெதுவாகப் பட்டதாக எழுதியிருந்தாய். பெற்றோர் பெட்டி கட்டுகிறார்கள், அடுத்ததாக மகன் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். அந்த நீண்ட ரயில் பயணத்தை இயக்குநர் ஓசு காட்டவே இல்லை. இவ்வளவு வேகமாகத் தாண்டுகிறவரை மெதுவானவர் என்று எப்படிச் சொல்வது? அவர் நிதானிக்கும் இடங்கள் வேறு: பிள்ளைகள் பெற்றோரை யார் வீட்டில் தங்கவைப்பது என்று பேசிக்கொள்ளும் இடங்கள். (இதை உன்னைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை.) 'யாரையும் குறை சொல்லாமல் எல்லோரையும் கூச வைக்கும் படம்' என்பது என் தீர்ப்பு.

'பதேர் பாஞ்சாலி'க்கு (1955) மட்டும் நான் எதுவும் எழுதவில்லை. ஹரிஹர் ஊர் திரும்பி, மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கென்று வாங்கிவந்த புடவையை மனைவியிடம் நீட்டும் காட்சியை மறுபடி ஓடவிட்டு, மனைவி அழுகிற இடத்தில் அவளுடைய குரலுக்குப் பதிலாக என்ன கேட்கிறது என்று கவனி. அதன்பிறகு உன்னுடைய இரண்டு வரிகளை எழுதி அனுப்பு. அவை வந்து சேர்ந்த பிறகே என்னுடையதை அனுப்புவேன்.

அன்புடன்,
அம்மா