நிக் டிரேக் பிறந்தது ரங்கூனில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி எழுத ஒருவர் கிடைத்தாரே என்று ஆசையோடு தொடங்கி, மனம் கசந்து முடித்தேன். முக்கால் பங்கு அவருடைய மனச்சோர்வும் 26 வயதில் நேர்ந்த மரணமும். பாட்டுக்கு நான்கே வரிகள். போதாததற்கு, லண்டனில் பிறந்தவர் என்று வேறு போட்டிருந்தது.

அவர் 1948 ஜூன் 19 அன்று ரங்கூனில் பிறந்தவர். தந்தை ரோட்னி அங்கே பாம்பே பர்மா என்ற தேக்குக் கம்பெனியில் பொறியாளர். தாய் மோலியும் ரங்கூனில் பிறந்தவரே. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், ரங்கூனை விட்டுக் கால்நடையாக வந்தவர்களில் என் அப்பத்தாவும் உண்டு. சாகும்வரை அந்த ஊரின் தேக்கு மாடிப்படிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர். அதனால் இந்தத் தவறை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் போர்க்காலத்தில் மோலியும் அவருடைய சகோதரி நான்சியும் பர்மாவிலிருந்து தப்பி இந்தியா வந்து, டெல்லியில் அகில இந்திய வானொலியில் இணைந்து பாடினார்கள். பிற்பாடு இங்கிலாந்துக் கிராமத்து வீட்டில் மோலி பியானோவில் தானே பாட்டுக் கட்டிப் பாடியதை, ரோட்னி 1950-களில் டேப்பில் பதிந்து வைத்தார். அந்தப் பதிவுகள் இப்போது கேட்கக் கிடைக்கின்றன. கேட்டால் மகனுடைய பாட்டு எங்கிருந்து வந்தது என்று விளங்கிவிடும். அதே அடங்கிய குரல். நாம் நினைக்காத இடத்தில் திரும்பும் மெட்டு. கட்டுரையில் இந்தத் தாயின் பெயரே இல்லை.

நான் தேவகோட்டையில் நாற்பது வருடமாக மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன். என்னிடம் படிக்கும் பையன் ஒருவன் கிதாரும் வாசிப்பான். அவன்தான் டிரேக்கின் 'ரிவர் மேன்' பாட்டைக் கேட்க வைத்தான். 1969-இல் வந்த முதல் இசைத்தட்டில் உள்ளது. என் கை தன்னால் தொடையில் தாளம் போட்டது: தக தகிட, தக தகிட. ஐந்தெண்ணிக்கை, நாங்கள் கண்டம் என்போம். மேற்கத்திய வெகுஜனப் பாட்டில் அரிதாகவே கேட்கக் கிடைப்பது. கிதார் அந்த ஐந்தைக் கொஞ்சமும் தளராமல் சுற்றிவர, குரல் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து உட்காராமல் சற்றுத் தள்ளித் தள்ளி இறங்குகிறது. ஹாரி ராபின்சன் அமைத்த வயலின்கள் பின்னால் மெல்லப் பரவுகின்றன. இதைக் கைகூடச் செய்ய எத்தனை சாதகம் வேண்டும் என்று தாளம் பழகியவர்களுக்குத் தெரியும்.

'பிங்க் மூன்' பாட்டை வாசிக்க அந்தப் பையன் இரண்டு மாலைப்பொழுது முயன்றான். வரவில்லை. வழக்கமான சுருதியில் அது வராது. ஆறு தந்திகளில் ஐந்தை மாற்றிச் சேர்க்க வேண்டும். அடித்தந்தியை, மத்தளத்தில் கனத்த நாதம் தரும் தொப்பிப் பக்கம்போல, நன்றாகத் தளர்த்தினோம். உடனே அறை முழுதும் அந்தக் கார்வை வந்தது. பையன் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். இப்படிப் பாட்டுக்குப் பாட்டு வேறு சுருதி வைத்திருந்தார் டிரேக். மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் இடையே அவர் தந்திகளைத் திருப்பிக்கொண்டிருக்க, கூட்டம் பொறுமையிழந்து பேச ஆரம்பித்துவிடும். மேடை அவருக்குக் கைகொடுக்காமல் போனதற்குக் கூச்சம் ஒரு காரணம் என்றால், இது இன்னொரு காரணம். கட்டுரையாளர் கூச்சத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பாட்டின் பெயரையே கொண்ட கடைசித் தட்டான 'பிங்க் மூன்' ஒரு நோயாளியின் புலம்பல் என்ற தொனியில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1971 அக்டோபரில், லண்டன் ஸ்டுடியோ ஒன்றில், இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்கப் பதிவானது அது. ஒரு குரல், ஒரு கிதார். ஒரே ஒரு பாட்டில் மட்டும் சிறிது பியானோ. மொத்தம் 28 நிமிடம். விரல் எங்கேயும் தடுமாறவில்லை. அதன் கடைசிப் பாட்டு விடியலைப் பற்றியது. உடல்நிலை மோசமாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு இரவுகளில் அவர் வேலை தெரிந்த கலைஞராகவே உட்கார்ந்திருக்கிறார்.

உயிரோடிருந்தபோது அவருடைய மூன்று தட்டுகளில் ஒன்றுகூட ஐயாயிரம் பிரதிகளுக்கு மேல் விற்கவில்லை என்பார்கள். 1999-இல் அமெரிக்காவில் ஒரு கார் விளம்பரத்தில் 'பிங்க் மூன்' பாட்டு ஒலித்த பிறகுதான் பெருங்கூட்டம் தேடி வந்தது.

பிறந்த ஊரை ரங்கூன் என்று திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு ஞாயிறு இடம் கிடைத்தால் மோலியின் பாட்டுகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
மிருதங்க ஆசிரியர் ஒருவர்,
தேவகோட்டை