பன்னிரண்டு விலங்குகளும் ஒரு மானும்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய பெட்டி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஒன்றுகூட உடையவில்லை. பன்னிரண்டு கண்ணாடி விலங்குகளையும் மேஜைமேல் வரிசையாக நிறுத்தி வைத்து, நானும் உன் அம்மாவும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். யானை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய் அப்போதே எடுத்துக்கொண்டாள். இதையெல்லாம் அன்றைக்கே போனில் சொன்னேன். ஆனால் நீ, "அப்பா, இப்போ முழு செட்டும் வந்துடுச்சு, இனிமே ஒவ்வொண்ணா தேடி அலைய வேண்டாம்" என்றபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வாயில் வராததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் குட்டி உருவங்களை அப்படித் தேடி அலைவதுதான் கண்ணம்மா எனக்குப் பிடித்ததே.

அலமாரியில் மேல்தட்டில் இருக்கிற கண்ணாடி மான் உனக்கு நினைவிருக்கும். கட்டைவிரல் உயரம்கூட இல்லை. பழைய சாவி, அறுந்த வாட்ச் வார், மூடியில்லாத பேனா என்று ஒருவர் தரையில் விரித்து வைத்திருந்தார். அந்தக் குவியலுக்குள் அது ஒருக்களித்துக் கிடந்தது. பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டேன். பத்தடி போனதும் கால் நின்றுவிட்டது. திரும்பி வருவதற்குள் வேறு யாராவது எடுத்துவிடுவார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்த அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கும் அப்படியே சொல்வேன்.

வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நான்கு கால்களும் நான்கு விதம். பின்னங்கால் ஒன்று மற்றதைவிட மெலிந்து, நுனியில் கடுகளவு குமிழோடு முடிகிறது. கழுத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பொடிப்பொடிக் கோடுகள். இந்த மாதிரி உருவங்களைக் கண்ணாடிக் குச்சியைத் தீச்சுடரில் காட்டி, இளகியதும் இடுக்கியால் பிடித்து இழுத்துச் செய்வார்கள். கழுத்தை வளைக்கும்போது இடுக்கியின் பல் பதிந்த தடம்தான் அந்தக் கோடுகள். செய்து முடித்ததும் மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும், உள்பக்கம் பின்தங்கும், அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கி என்றைக்காவது தானாக விரிசல் விடும். என் மான் இத்தனை வருஷமாக முழுசாக நிற்கிறது என்றால் யாரோ பொறுமையாக ஆறவிட்டிருக்கிறார் என்று அர்த்தம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கையின் ஒரு அழுத்தம் என் அலமாரியில் இருக்கிறது.

நீ அனுப்பியவற்றையும் அப்படித்தான் பார்த்தேன், தப்பாக நினைக்காதே. பன்னிரண்டும் அச்சில் வார்த்தவை. அச்சின் இரண்டு பாதியும் சேருமிடத்தில் முதுகோடு ஒரு மெல்லிய கோடு ஓடும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். கரடிக்கு மட்டும் அந்தக் கோடு காதருகே கொஞ்சம் விலகிப் போகிறது. அதைக் கண்டுபிடித்ததிலிருந்து கரடிமேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது.

தூசி தட்டவே ஒரு நாள் போய்விடுமே என்று நீ கவலைப்படுவாய். எனக்கு அது வேலையாகத் தெரிந்ததே இல்லை. நீ சின்ன வயதில் விட்டுப்போன வாட்டர்கலர் பிரஷ்தான் இப்போதும் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்து, மடியில் துணி விரித்து, இடுக்கெல்லாம் துடைப்பேன். பித்தளை ஆமையைப் பளபளவென்று தேய்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும், காற்றுப் பட்டால் கறுக்கத்தான் செய்யும். ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் துளித்துளியாகப் போய், ஓட்டில் செதுக்கிய கட்டங்கள் மழுங்குகின்றன. கறுத்த பிறகுதான் அந்தக் கட்டங்கள் நன்றாகத் தெரிகின்றன என்பது என் கட்சி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம், நீ ஒன்பது வயதில் பள்ளிச் சுற்றுலாவிலிருந்து கொண்டுவந்தாயே, ஆட்டினால் பனி கொட்டும் உருண்டை, அது பத்திரமாக இருக்கிறது. தண்ணீர் கொஞ்சம் குறைந்து மேலே காற்றுக்குமிழி பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் தீய்ந்த வாசனை வந்தது. பார்த்தால் மேஜைத் துணியில் மிளகளவு கருப்புப் பொட்டு. தண்ணீர் நிறைந்த உருண்டை வெயிலை லென்ஸ் மாதிரி ஒரே புள்ளியில் குவித்துவிடும். உன் வீட்டிலும் அப்படி ஏதாவது இருந்தால் இன்றைக்கே ஜன்னலைவிட்டுத் தள்ளி வை. இந்த மாதிரி உருண்டை பிறந்ததாகச் சொல்லும் ஒரு கதையிலும் வெளிச்சம்தான் வருகிறது. 1900 வாக்கில் வியன்னாவில் எர்வின் பெர்சி என்பவர் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்துவந்தார். மருத்துவர்களுக்கு இன்னும் பிரகாசமான விளக்கு வேண்டுமென்று, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையில் ஒளி சிதறப் பலவற்றைப் போட்டுப் பார்த்தார். ரவையைப் போட்டபோது விளக்கு சரியாக வரவில்லை, ஆனால் அது மெல்ல மெல்ல இறங்குவது பனிபோல இருந்தது. உள்ளே ஒரு சின்ன தேவாலயத்தை வைத்து மூடினார். அவர் குடும்பத்தார் இன்றும் அங்கே அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். என்னைப்போலவே அவரும் வேறெதற்கோ போய் இதைக் கண்டெடுத்தவர் என்று நினைக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது.

பெரிய சிலை ஏதாவது வாங்கித் தரட்டுமா என்று போன வருஷம் கேட்டாய். வேண்டாம். கைக்குள் அடங்கவேண்டும் எனக்கு. ஜப்பானில் கிமோனோ என்ற நீள அங்கிக்குச் சட்டைப்பை மாதிரி எதுவும் கிடையாது, அதனால் அந்தக் காலத்தில் சாமான்களைக் கயிற்றில் கட்டி இடைக்கச்சையில் தொங்கவிடுவார்கள். கயிறு நழுவாமல் இருக்க மேல்முனையில் ஒரு குட்டி உருவம். நெட்சுகே என்று பெயர். துணியில் மாட்டிவிடக்கூடாது என்பதால் கூர்முனையே இல்லாமல் செதுக்கியிருப்பார்கள். என்னிடம் இருக்கும் மர எலி அப்படி ஒன்றின் நகல். வாலைச் சுருட்டி உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறது, அடியில் கயிறு நுழைய இரண்டு துளை. பழையவற்றில் பல தந்தத்தில் செய்தவை. தந்தத்தின் சர்வதேச வணிகத்தை நிறுத்த 1989இல் நாடுகள் கூடி முடிவெடுத்தன. யாராவது கொடுத்தாலும் எனக்குத் தந்தம் வேண்டாம். மர எலியே போதும், யோசனையாக இருக்கும்போது உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருப்பேன்.

சரி, உன் பன்னிரண்டுக்கு வருகிறேன். ஒரே நாளில் எல்லாமும் வந்துவிட்டதில் எதை முதலில் பார்ப்பது என்றே தெரியாமல் திண்டாடினேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் தன் யானையை மட்டும் வைத்துக்கொண்டு, மீதிப் பதினொன்றையும் பஞ்சில் சுற்றி, நான் குளிக்கப் போயிருந்தபோது வீடு முழுக்க ஒளித்துவைத்துவிட்டாள். எங்கே என்று கேட்டால் வாயே திறப்பதில்லை. நேற்றுச் சட்டைப் பித்தான் தைக்க ஊசி தேடினேன், தையல் டப்பாவுக்குள் நூல்கண்டுகளுக்கு நடுவே நீர்யானை படுத்திருந்தது. நெஞ்சு அன்றைக்கு அடித்துக்கொண்டதுபோலவே அடித்துக்கொண்டது. இப்போது மான் பக்கத்தில் நிற்கிறது.

இன்னும் பத்து இருக்கிறது. அம்மா உன்னிடம் போனில் சொன்னால்கூட நீ எனக்குச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா