வகுப்பெல்லாம் கிண்டியில், கான்ட்ராக்டர்கள் கொருக்குப்பேட்டையில்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அரசு டெண்டர் போடச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு வடசென்னையிலும் வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். பெயின்டிங், பிளம்பிங், சின்னச் சின்ன கட்டட ரிப்பேர் என்று பதினேழு வருஷமாக கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். முக்கால்வாசி வருஷம் பெரிய கான்ட்ராக்டர்களிடம் சப்-கான்ட்ராக்ட்டில்தான் ஓடியது, சொந்தப் பேரில் அரசு டெண்டர் போட ஆரம்பித்து நாலு வருஷம்தான் ஆகிறது. முதலில் போட்ட இரண்டு டெண்டரிலும் நான் விலையில் தோற்கவில்லை. என் விலையை யாரும் பார்க்கவே இல்லை.

முதல் டெண்டரை ஆன்லைனில் ஏற்றக் கடைசி நாள் மதியம் 3 மணி வரை நேரம். இரண்டே காலுக்கு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கிறோம், நான் நிற்கிறேன், அங்கிருக்கும் பையன் டைப் அடிக்கிறான். டெண்டரோடு சேர்த்து இறக்குகிற பி.ஓ.க்யூ. என்ற எக்ஸெல் ஷீட்டில், அதாவது வேலைகளின் அளவுப் பட்டியலில்தான், விலை எழுத வேண்டும். பையன் எழுதிவிட்டு, அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று ஃபைலுக்கு என் பேரை வைத்து சேவ் செய்துவிட்டான். அந்த ஃபைலை என்ன பேரில் இறக்கினோமோ அதே பேரில்தான் திரும்ப ஏற்ற வேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் தளம் வாங்காது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நெட் சரியில்லை, சர்வர் பிசி என்று சொல்லிச் சொல்லியே மணி மூன்றாகிவிட்டது.

இரண்டாவது டெண்டரில் தப்பு முழுக்க என்னுடையது. சிறு தொழில் என்று பதிந்ததற்கான உத்யம் சான்றிதழ் இருந்தால், டெண்டரோடு கட்டுகிற முன்பணமான இ.எம்.டி. கட்ட வேண்டாம் என்று யாரோ சொன்னதை நம்பி, பணம் கட்டாமல் சான்றிதழை மட்டும் ஸ்கேன் செய்து ஏற்றினேன். விலையைப் பிரிப்பதற்கு முன்னால் தகுதி பார்க்கிற டெக்னிக்கல் கவரிலேயே தள்ளிவிட்டார்கள். அந்தச் சலுகை 2012-இல் மத்திய அரசு போட்ட ஆணையில் வருவது, மத்திய அரசுத் துறைகளும் அதன் நிறுவனங்களும் குறு, சிறு தொழில்களிடம் பொருளோ சேவையோ வாங்கும்போது தருவது. கட்டடப் பணி அதில் சேராது. நான் போட்டதோ மாநில அரசுத் துறை ஒன்றின் கட்டடப் பணி, ஆக இரண்டு வகையிலும் பொருந்தாது. நிராகரித்தால் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று 1998-ஆம் வருஷத்து டெண்டர் சட்டத்திலேயே இருக்கிறதாம். அதைக் கேள்விப்படும்போது எனக்கு மூன்று மாதம் ஓடிப்போயிருந்தது.

இதெல்லாம் ரகசியம் ஒன்றும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தமிழக அரசின் டெண்டர் தளத்தில், முதல் பக்கத்திலேயே, ‘பிட்டர்ஸ் மேனுவல் கிட்’ என்று, டெண்டர் போடுகிறவர்களுக்கான கையேட்டுக்கு ஒரு லிங்க் இருக்கிறது. நாலு வருஷமாக அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன், ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. என் அக்கா பெண் கல்லூரியில் படிக்கிறாள், அவள்தான் திறந்து காட்டினாள். டிஜிட்டல் கையெழுத்து இருக்கிற, பென்டிரைவ் மாதிரியான டோக்கனை எப்படிப் பதிவது, கவர் எப்படிப் பிரிப்பது, பி.ஓ.க்யூ. எப்படி நிரப்புவது என்று ஸ்கிரீனைப் படம் பிடித்துப் போட்டே விளக்கியிருக்கிறார்கள். இலவசம்தான். ஆனால் நாங்கள் இறக்கியது முழுக்க ஆங்கிலம், அவள் படித்துச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். அரசுக்குப் பொருளும் சேவையும் விற்கிறவர்களுக்கான, மத்திய அரசின் ஜெம் தளத்தில் பயிற்சிக்கென்றே தனிப் பகுதி உண்டு, வீடியோவும் இருக்கிறது.

நேரில் நடக்கிற வகுப்புக்கும் ஒரு நாள் போனேன். மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அலுவலகம் கிண்டியில், மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் ஈக்காட்டுத்தாங்கலில், தேசிய சிறுதொழில் கழகமான என்.எஸ்.ஐ.சி.யும் அந்தப் பக்கம்தான். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டியில் இறங்கலாம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் ஒரு நாள் அங்கே போனால் இங்கே சைட்டில் மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். வகுப்பில் பாதிக்கு மேல் ஜெம் பற்றித்தான் பேசினார்கள், எங்களைப் போல சிவில் வேலை பார்ப்பவர்களுக்கு அதில் எடுத்துக்கொள்ளக் கொஞ்சம்தான் இருந்தது. நல்லவேளையாக, தள்ளுபடியான என் டெண்டரின் பிரின்ட் பையில் இருந்தது. டீ இடைவேளையில் அதை வகுப்பெடுத்தவரிடம் நீட்டினேன். பேனாவை எடுத்து எந்த நிபந்தனையில் நான் விழுந்தேன் என்று கோடு போட்டுக் காட்டினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் கோடு போட்ட தாளை இன்னமும் வைத்திருக்கிறேன். போகிறவர்கள் யாராக இருந்தாலும் தோற்றுப்போன ஒரு டெண்டரைக் கையோடு கொண்டுபோங்கள், சும்மா கேட்டுவிட்டு வந்தால் வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும்.

அப்புறம் இந்த டோக்கன் விஷயம். நான் போகிற சென்டரில் மேஜை டிராயரைத் திறந்தால், ரப்பர் பேண்ட் போட்டு ஏழெட்டு டோக்கன் கிடக்கும், ஒவ்வொன்றிலும் ஒட்டிய வெள்ளைத் தாளில் கான்ட்ராக்டர் பேரும் பின் நம்பரும். அது நம் டிஜிட்டல் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட வெற்று செக்கை யாராவது இப்படி விட்டுவிட்டு வருவோமா? என்னுடையதும் அதில் ஒரு வருஷம் கிடந்தது, அந்தப் பையன் நல்லவன், தப்பித்தேன். அந்த மேனுவலைப் பார்த்து, கூடவே பழகிப் பார்க்கவென்று இருக்கிற டெமோ தளத்தில் நாலு முறை போட்டுப் பார்த்த பிறகு, இப்போது வீட்டு லேப்டாப்பில் நானே ஏற்றுகிறேன். வேகமெல்லாம் இல்லை, ஒரு டெண்டருக்கு ஒரு ராத்திரி ஆகிறது. ஆனால் கடைசி நாள் மதியம் யார் முதுகுக்குப் பின்னாலும் நிற்பதில்லை.

துறைமுகம், மணலி ரிஃபைனரி, அத்திப்பட்டு அனல்மின் நிலையம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று வாங்குகிற பெரிய இடங்களும், வேலை செய்கிற நாங்களும் வடசென்னையில் இருக்கிறோம். சொல்லிக்கொடுக்கிற இடம் மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டல அலுவலகங்களில் மாதத்துக்கு ஒரு அரை நாள், நெட்டோடு பத்து கம்ப்யூட்டர், தமிழில் சொல்ல ஒருவர். இவ்வளவுதான் கேட்கிறோம். ஜெம்மோடு நிறுத்தாமல் கட்டடப் பணிக்கான ஒரு வொர்க்ஸ் டெண்டரை ஆரம்பத்திலிருந்து கடைசி பட்டன் வரை ஏற்றிக் காட்டினால் போதும். அந்த மேனுவலைத் தமிழில் அச்சடித்து வைத்தால் இன்னும் நல்லது, அதுவரை என் நோட்டை வேண்டுமானால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டும். நாளும் ஞாயிற்றுக்கிழமை காலையாக இருக்கட்டும், சனிக்கிழமை எங்களுக்குக் கூலிப் பட்டுவாடா.

இப்படிக்கு,
ஒரு சிறு கான்ட்ராக்டர்,
கொருக்குப்பேட்டை, சென்னை-21