ரத்தம் போனா எல்லாமே மூலம் இல்லீங்க

ஐயா வணக்கமுங்க. எங்க சின்னம்மாவுக்கு ரெண்டு வருசமா வெளிக்கிப் போறப்ப ரத்தமும் சளியுமா போச்சு, ஊர்ல எல்லாரும் மூலம்னாங்க, கருணைக்கெழங்கும் லேகியமுமா ஓட்டுனோம், கடைசீல கோயம்புத்தூர் போயி கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பாக்கற சோதனை) பண்ணித்தான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு தெரிஞ்சுது, பெருங்குடல்ல புண்ணுங்க. மெசலமின் மாத்திரைல நின்னுச்சு, நல்லாயிருச்சுன்னு அவங்களா நிறுத்திப்போட்டாங்க, மறுபடியும் வந்துருச்சு. நல்லா இருக்கறப்பவும் மாத்திரை வேணும்னு வெவரமா சொல்ல ஆளில்லீங்க. தோட்டத்து வேலைக்குப் போனா ஒதுங்க எடமில்ல, வெக்கத்துல ஊட்டோடயே கெடக்கறாங்க. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரை ஊட்டுக்கே வருது, ரொம்ப நல்ல காரியமுங்க. அந்த மாத்திரையக் கொண்டுவர்ற அக்காமாருகளுக்கு இந்த நோவைப் பத்தியும் சொல்லிக்குடுத்து ஊரூரா பேசச் சொல்லோணுமுங்க.

– ஒரு வாசகர், காங்கேயம்