அண்ணே, கருவேலச் சண்டைய கரையில வச்சுக்குவோம்

அண்ணே, வணக்கம்.

நீங்க நம்ம கண்மாய் குழு வாட்ஸ்அப் குரூப்ல இருந்து லெஃப்ட் ஆனதுல இருந்து ஆளாளுக்கு எனக்குப் போன் போட்டு என்னப்பா ஆச்சுன்னு கேக்குறாங்க. சண்டை எல்லாரும் பாக்கத்தான நடந்துச்சு, அதனால கடிதத்தையும் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க. வேற ஊர்ல கண்மாய் குழு வச்சிருக்கவங்களும் இதே எழவத்தான் இழுத்துக்கிட்டு இருக்காங்க.

நடந்தது ஒரு சண்டை இல்லண்ணே, ரெண்டு. சீமைக்கருவேலத்த மொத்தமா பிடுங்குறதா வேணாமாங்கிறது ஒண்ணு, ஜேசிபி வாடகைக் கணக்கு இன்னொண்ணு. கொக்குக் கூடு இருக்கு, அந்த மரத்த மட்டும் விடுங்கன்னு பேசிக்கிட்டே இருந்த நம்ம வாத்தியாரு நடுவுல "பில்லு எங்க"ன்னு ஒரு வார்த்தைய போட்டாரு, அதுக்கப்புறம் நீங்க எது சொன்னாலும் அவருக்குக் கணக்க மறைக்கிற மாதிரி தெரியுது, அவரு கொக்குன்னு சொன்னாலே உங்களுக்கு திருடன்னு கேக்குது.

மரத்த முதல்ல பாப்போம். மேலாக வெட்டினா திரும்பத் துளுக்கும், தூரோட எடுக்கணும்னு நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. மடைகிட்டயும் வரத்துக்கால்வாய்லயும் அடைச்சு நிக்கிற முள்ள எடுக்கக்கூடாதுன்னு வாத்தியாரும் ஒரு நாளும் சொல்லல, அவரு கேக்குறது கண்மாய் நடுவுல கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருக்கிற அந்த ஒரு திட்டு மட்டும்தான். குஞ்சு பறக்கிற வரைக்கும் அத விட்டுட்டு, கோடையில எடுத்துட்டு, அந்த இடத்துல நாட்டுக்கருவேலம் வச்சா ரெண்டு பேருக்கும் என்னண்ணே நட்டம்? 2017ல மதுரை ஹைகோர்ட் கிளை வேரோட எடுக்கச் சொன்னப்பவே, அதே வருசம் சென்னை ஹைகோர்ட்ல கொஞ்ச நாள் நிறுத்தி வச்சு நிபுணர் குழு பாக்கட்டும்னு சொன்னாங்க. கோர்ட்டே நின்னு கேட்ட விசயம், நம்ம கேட்டா கொறைஞ்சா போயிருவோம்?

இன்னொண்ணு, மரம் நம்மளுதே இல்ல. 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு, அதாவது தண்ணி பாயுற நிலம், இருந்தா நீர்வளத்துறை (முன்ன பொதுப்பணித்துறை) கண்மாய், அதுக்குக் கீழன்னா பஞ்சாயத்து யூனியன். அனுமதி வாங்கணும், பெரும்பாலும் ஏலம் விட்டுத்தான் வெட்ட விடுவாங்க. நம்ம இங்க ராத்திரி ஒரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ்ல திட்டிக்கிட்டு இருக்கறப்ப, கரி மூட்டம் போட விறகு கேக்குற பார்ட்டி சிரிச்சுக்கிட்டு இருக்கு. ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம், சும்மாவா சொன்னாங்க.

இப்ப கணக்கு. நீங்க காசு எடுக்கல, அது வாத்தியாருக்கும் தெரியும். ஆனா டிரைவர்கிட்ட கையில குடுத்துட்டு வவுச்சர்ல "ஜேசிபி வாடகை"ன்னு ஒரே வரி எழுதி வச்சா யாரு கேட்டாலும் பதில் இருக்காதுண்ணே. எத்தன மணி நேரம் ஓடுச்சு? வண்டியிலயே மணி மீட்டர் இருக்கு, ஆரம்பிக்கும்போது ஒரு போட்டோ, முடிக்கும்போது ஒரு போட்டோ, வவுச்சர்ல ரெண்டு ரீடிங்கும் டிரைவர் கையெழுத்தும், அம்புட்டுதான். கேட்ட விதம் தப்பு, அத வாத்தியார்கிட்ட நேர்லயே சொல்லிட்டேன், கணக்குக் கேள்விய இனிமே செயற்குழுவுல கேளுங்க, குரூப்ல வேணாம்னு. சரின்னாரு. ஆனா கேட்டதே தப்புன்னு நீங்க நிக்கிறீங்க பாருங்க, அங்கதான் நான் உங்க பக்கம் இல்ல. வெளியூர்ல வேல பாக்குற பசங்க அனுப்புற காசு அது.

சங்கப் பதிவாளர் ஆபீசுக்கு நீங்க மனு போடப் போறதாவும் கேள்விப்பட்டேன். சங்கச் சட்டம் 36வது பிரிவுல செயற்குழுவுல பெரும்பான்மையோ உறுப்பினர்கள்ல மூணுல ஒரு பங்கோ கேட்டா விசாரணை வைக்கலாம்தான். வச்சா அவங்க கேக்குற முதல் பேப்பரு என்ன? அதே வவுச்சரும் தீர்மான நோட்டும். அத நம்மளே உக்காந்து சரி பண்ணிட்டா அந்த அலைச்சல் எதுக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில, கண்மாய் நெறஞ்சா தண்ணி வழியிற கலுங்குகிட்ட வாங்க. நீங்களும் வாத்தியாரும் கண்மாய ஒரு சுத்து நடந்து எது எடுக்கலாம் எது இப்போதைக்கு நிக்கட்டும்னு சுண்ணாம்பு அடையாளம் போடுங்க. அதுக்கப்புறம் கூட்டம். தலைமை நீங்களும் வேணாம் அவரும் வேணாம், மகளிர் குழு அக்காகிட்ட கேட்டிருக்கேன், அவங்க முன்னாடி எவனும் சத்தம் போட மாட்டான். ராஜினாமா பேச்ச அங்க எடுக்காதீங்க. வவுச்சர் நோட்டையும் பாஸ்புக்கையும் மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்கண்ணே.

அன்புடன்,
தம்பி