பாப்பாவுக்கு, அலமாரி மேல இருந்த ட்ரம்பெட் பத்தி

பாப்பா, நல்லா இருக்கியாமா? மெல்பர்ன்ல குளிர் ஆரம்பிச்சிருச்சுன்னு அம்மா சொன்னா. போன்ல பேசறப்ப இது வாய்ல வரமாட்டேங்குது, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

உன் ட்ரம்பெட்டை அலமாரி மேலேர்ந்து இறக்கிட்டேன். 2012ல உன் எஸ்பிஎம் பரீட்சை வருஷம், நான்தான் பிடுங்கி மேல வச்சேன். பெட்டியத் திறந்தா விரல்ல அமுக்கற மூணு வால்வும் அசையல, வாய் வச்சு ஊதற மவுத்பீஸ் குழாயோட இறுகிப் போயிருந்துச்சு. பிளையர் போட்டு இழுக்கப் போனேன், நல்லவேளை அம்மா விடல. பினாங்கு ஜார்ஜ் டவுன்ல ஒரு சீன அங்கிள் இருக்காரு, பேண்ட்ல ஊதி ரிட்டயர் ஆனவரு, அவருகிட்ட கொண்டு போனேன். அதுக்குன்னே ஒரு டூல் வச்சிருக்காரு, திருகத் திருக அலுங்காம வெளிய வந்துருச்சு. வெதுவெதுப்பான தண்ணில கழுவி வால்வு ஆயில் போட்டுக் குடுத்தாரு. அப்பதான் கேட்டேன், எனக்கு 61 வயசாச்சு, கத்துக்கலாமான்னு. பல்லு இருக்கு, மூச்சு இருக்கு, வான்னுட்டாரு.

நாலு மாசமா சனிக்கிழமை காலைல கிளாஸ். மொத வாரம் ட்ரம்பெட்டைக் கையிலயே தரல, உதட்டை மூடி நடுவுல காத்தை விட்டு ப்ர்ர்னு அதிர வைக்கணும், அவ்வளவுதான், அப்புறம் வெறும் மவுத்பீஸ். நாதஸ்வரத்துல வாய் வைக்கற சீவாளி அதிரும், இதுல நம்ம உதடுதாம்மா சீவாளி. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போறப்ப எத்தனை வருஷம் நாதஸ்வரம் பின்னாலயே நடந்திருக்கேன், ஊதறவர் உதட்டை ஒரு நாள் கூட கவனிச்சதில்ல.

வால்வு எதையும் அமுக்காம ஊதினாலே ஸ, ப, மேல் ஸ, க, ப எல்லாம் வருது, உதடு இறுக்கமும் காத்து வேகமும் மாறினா போதும். நடு வால்வு அரை சுரம் எறக்கும், மொத வால்வு ஒரு சுரம், மூணாவது ஒன்றரை. இது புரிஞ்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, விரல்தான் எல்லாம் பண்ணுதுன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன். மேல் சுரம் வரலன்னு மவுத்பீஸை உதட்டுல அழுத்தினேன், வட்டமா தழும்பு விழுந்து உதடு மரத்துப் போச்சு, சத்தமே நின்னுருச்சு. அங்கிள் "பெலான் பெலான், மெதுவா, காத்தைக் குடு, கையைக் குடுக்காதே"ன்னாரு.

நான் சொல்ல வந்தது லாங் டோன் பத்தி. ஸ்கூல் விட்டு வந்து தினமும் ஒரே சுரத்தை நீ பாங்ங்னு இழுப்ப, நான் டிவி சத்தத்தைக் கூட்டுவேன், ஒரு பாட்டு கூட வாசிக்கத் தெரியாதா, இதுக்கா ஸ்கூல் பேண்ட்ல சேர்ந்தன்னு அத்தை முன்னாடியே திட்டியிருக்கேன். இப்ப நான் இழுக்கறேன்மா. எட்டு எண்ணற வரைக்கும் நேரா நிக்குது, பத்துல ஆடிடுது. நீ இருபது எண்ணுவ, ஆடாது. அது எவ்வளவு பெரிய வேலைன்னு இப்பதான் தெரியுது. ஃபோம் டூ கிளாஸ்லேர்ந்து நாலு வருஷம் உழைச்சு நீ பழக்கின உதடு அது, அதைப் போயி நான் நிறுத்தினேன். பரீட்சைக்குன்னு சொன்னேன், பரீட்சை முடிஞ்சும் இறக்கிக் குடுக்கல, நீயும் கேக்கல. நீ கேக்காததுதான் இப்ப ரொம்ப வலிக்குது.

ஃபிளாட்ல பக்கத்து வீட்டுக்குத் தொல்லை வேணாம்னு அலமாரி கதவைத் திறந்து வச்சு துணிங்களைப் பாத்து ஊதறேன், துணி கொஞ்சம் சத்தத்தை வாங்கிக்குது. அம்மா எதுவும் சொல்றதில்ல, டிவிய அமத்திட்டு உக்காந்துக்கறா.

டிசம்பர்ல வர்றல்ல? உன் 7சி சைஸ் மவுத்பீஸை நான் வாயில வைக்கல, எனக்கு வேற ஒண்ணு வாங்கிட்டேன். உன்னோடத கழுவி மஞ்சத் துணில சுத்தி பெட்டிலயே வச்சிருக்கேன்.

அப்பா